முகவரியை மறைத்தால் மடல் போய்ச் சேருமா?

(பாடக் கட்டுரை – பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

தமிழ்த் தேர்வில் நாம் கடிதம் எழுதும்போது முதலில் 'அனுப்புநர்', அதன்கீழ் 'பெறுநர்' என்று எழுதுகிறோம். அனுப்புநரை விட்டுவிட்டால் மதிப்பெண் குறையும் என்று தமிழம்மா ஆறாம் வகுப்பு முதலே சொல்லி வருகிறார்கள். பெயரில்லாமல் வரும் கடிதத்திற்கு நம் ஊரில் 'மொட்டைக் கடிதம்' என்று பெயர். அதைப் படிப்பவர் உண்டு, நம்புபவர் அரிது.

அப்படியானால், மின்னஞ்சல் அனுப்பும் ஒருவர் தம் பெயரையும் வீட்டு முகவரியையும் உலகப் பதிவேட்டில் மறைத்துக்கொண்டால் அவருடைய மடலும் மொட்டைக் கடிதமாகிவிடுமா? அது குப்பைக் கூடைக்குத்தான் போகுமா? இந்தக் கேள்வி எங்கள் பள்ளியிலேயே எழுந்தது. விடை தேடியபோது நாங்கள் கற்றதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

கேள்வி பிறந்த கதை

நம் பள்ளியின் வைர விழாவை ஒட்டி முன்னாள் மாணவியர் சங்கத்திற்கென்று தனி டொமைன் பெயர் ஒன்று வாங்கப்பட்டது. மின்னஞ்சல் முகவரியில் 'அட்' குறிக்குப் பின்னால் வருகிறதே, அந்தப் பெயர்தான் டொமைன். வீட்டுமனை வாங்கினால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவது போல இதையும் ஒரு பதிவாளரிடம் பதிய வேண்டும். எங்கள் கணினி ஆசிரியை தம் பெயரிலேயே பதிந்தார்கள். வீட்டு முகவரியும் கைப்பேசி எண்ணும் அதில் கேட்கப்பட்டன. அவை பிறர் கண்ணில் படாதபடி மறைத்து வைக்கும் வசதியையும் சேர்த்தே வாங்கினார்கள்.

412 பேருக்கு விழா அழைப்பு அனுப்பினோம். பதில் வந்ததோ முப்பதுக்கும் குறைவு. விழா இனிதே நடந்தது. ஆனால் முன்வரிசையில் பல நாற்காலிகள் வெறுமையாகவே இருந்தன. நான்காம் நாள் பள்ளியின் முதல் அணியில் படித்த முதிய அம்மையார் ஒருவர் தொலைபேசியில் பேசினார். "என்னை மறந்துவிட்டீர்களே, சிஸ்டர்" என்பதுதான் அவருடைய முதல் வார்த்தை. அவருக்கு அனுப்பிய அழைப்பு ஸ்பேம் என்னும் குப்பைப் பெட்டியில் கிடந்ததை அவருடைய பேத்தி பின்னர்தான் கண்டெடுத்தாள்.

"முகவரியை மறைத்து வைத்ததால்தான் இப்படி ஆயிற்று, திரையை நீக்குங்கள்" என்று விவரம் தெரிந்த ஒருவர் சொன்னார். அவ்வாறே நீக்கப்பட்டது. மூன்றாம் நாளிலிருந்து ஆசிரியையின் கைப்பேசி ஓயவில்லை. இணையதளம் அமைத்துத் தருகிறோம் என்று பகலெல்லாம் வணிக அழைப்புகள் வந்தன. முன்பின் தெரியாத ஒருவன் இரவில் செய்தி அனுப்பினான். அதில் அவர்கள் குடியிருக்கும் தெருவின் பெயரைக் குறிப்பிட்டிருந்தான். ஆசிரியையின் முகம் வாடியதைக் கண்டு நாங்களும் கலங்கினோம். தலைமையாசிரியை சிஸ்டர் அவர்கள் உடனே திரையை மீண்டும் போடச் சொல்லிவிட்டு எங்களை அழைத்தார்கள். "மடலும் சேர வேண்டும், பெண் பிள்ளைகள் வீட்டு முகவரியும் தெருவுக்கு வரக்கூடாது. இரண்டும் கூடுமா, கூடாதா என்று படித்துச் சொல்லுங்கள்" என்றார்கள். அதுவே எங்களுக்குப் பாடமாயிற்று.

பதிவேடு பிறந்தது எப்படி?

இணையத்தின் தாய் எனத்தக்க ஆர்ப்பாநெட் என்னும் வலை 1969-இல் அமெரிக்காவில் தொடங்கியது. அதில் யார் யார் இருக்கிறார்கள் என்னும் விவரக் கொத்தைக் கலிபோர்னியா மாநிலம் மென்லோ பார்க்கில் இருந்த ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சிக் கழகத்தின் தகவல் மையம் பேணியது. 1970-களிலும் 1980-களிலும் அம்மையத்தை நடத்தியவர் எலிசபெத் ஃபைன்லர் என்னும் பெண்மணி என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி.

1982-இல் அந்த விவரத்தைக் கணினி வழியே கேட்டறியும் முறை எழுதி வெளியிடப்பட்டது. அதற்கு 'ஹூ இஸ்' என்று பெயர், 'யார் இவர்?' என்பது பொருள். பெயர், அஞ்சல் முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல் முகவரி ஆகியவை அதில் இருந்தன. அக்காலத்தில் வலையில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆராய்ச்சியாளர்கள். சிற்றூரில் எல்லாரும் எல்லாரையும் அறிந்திருப்பது போன்ற நிலை அது. கதவைத் தாழிட வேண்டிய தேவை அவர்களுக்கு அவ்வளவாகத் தோன்றவில்லை.

சிற்றூர் மாநகரமாயிற்று. 1998-இல் ஐகான் என்னும் அமைப்பு டொமைன் பெயர்களை ஒழுங்குபடுத்தத் தோன்றியது. கடை வைத்தவரும் கட்டுரை எழுதியவரும் பெயர் வாங்கினார்கள். ஆனால் பதிவேடோ முன்போலவே திறந்து கிடந்தது. யார் வேண்டுமானாலும் யாருடைய வீட்டு முகவரியையும் நொடியில் பார்க்கலாம் என்றாயிற்று. குப்பை மடல் அனுப்புவோர் அந்தப் பதிவேட்டிலிருந்தே முகவரிகளை அள்ளினர்.

திரை வந்த விதம்

இதற்கு மாற்றாக வந்ததே மறைப்புச் சேவை. இதில் இரு வகை உண்டு. ஒன்றில் உரிமையாளர் பெயர் தெரியும். முகவரிக்கும் எண்ணுக்கும் பதிலாகச் சேவை நிறுவனத்தின் முகவரி இருக்கும். மற்றொன்றில் நிறுவனமே உரிமையாளர் இடத்தில் தன் பெயரைப் போட்டுக்கொள்ளும். இரண்டாவதை நம் ஊர்ச் சொல்லால் 'பினாமி' என்றால் எளிதில் விளங்கும். டொமைன்ஸ் பை பிராக்சி என்னும் அமெரிக்க நிறுவனம் 2002 முதல் இத்தகைய சேவையை வழங்கி வருகிறது.

பின்னர் ஒரு பெரிய மாற்றம் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தனித்தகவல் பாதுகாப்புச் சட்டம் 2018 மே 25 அன்று நடைமுறைக்கு வந்தது. தனிமனிதரின் விவரத்தை உலகம் காணத் திறந்து வைப்பது அச்சட்டத்திற்குப் பொருந்தவில்லை. ஆகவே ஐகான் அதே நாளிலிருந்து, பொதுப் பார்வையில் அந்த விவரங்களை மறைக்க வழிசெய்தது. பல பதிவாளர்கள் உலகத்தார் அனைவருக்கும் மறைத்தார்கள். சிலர் ஐரோப்பியருக்கு மட்டும் மறைத்தார்கள். எங்கள் ஆசிரியையின் விவரம் வெளியில் தெரிந்ததற்கு அதுவே காரணம். டாட் காம் போன்ற பொதுப் பெயர்களுக்குப் பழைய 'ஹூ இஸ்' முறையை நடத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் 2025 ஜனவரி 28 அன்று முடிந்தது. அதன் இடத்தில் ஆர்.டி.ஏ.பி. என்னும் புதிய முறை உள்ளது. நம் நாட்டின் டாட் இன் பெயர்களுக்கோ பினாமிப் பதிவு அனுமதிக்கப்படுவதில்லை. எனவே எந்தப் பெயரை வாங்குகிறோமோ அதன் விதியை முதலில் அறிந்துகொள்வது நன்று.

மறைத்தவர் மடலைச் சந்தேகித்தது ஏன்?

சந்தேகத்திற்கும் ஒரு நியாயம் இருந்தது. குப்பை மடல் அனுப்புவோர் மலிவான பெயர்களை நூற்றுக்கணக்கில் வாங்கி, எல்லாவற்றையும் திரைக்குள் வைத்து, ஓரிரு நாள் பயன்படுத்திவிட்டு எறிந்துவிடுவர். தீய நோக்குடன் பதிந்த பெயர்களில் கணிசமான பங்கு மறைப்புச் சேவையைப் பயன்படுத்தியதாக, ஐகானுக்காக இங்கிலாந்தின் தேசிய பௌதிக ஆய்வகம் செய்து 2013-இல் கருத்துக் கேட்புக்கு வெளியிட்ட ஆய்வும் காட்டியது. பதிவேட்டில் விவரம் பொய்யாகவோ இல்லாமலோ இருந்த பெயர்களைப் பட்டியலிட ஒரு தனி அமைப்பே முன்பு இருந்தது. சில மடல் சர்வர்கள் அதைக் கலந்து பார்த்து மதிப்பெண் குறைத்தன. அந்தப் பட்டியல் 2012-இல் மூடப்பட்டது.

ஆனால் தோழியரே, திருடன் முக்காடு போடுகிறான் என்பதற்காக முக்காடு போட்டவரெல்லாம் திருடர் ஆவரோ? வெயிலுக்கு முக்காடு போடுபவரும் உண்டே! அதிலும் 2018-க்குப் பின் நல்லவர், தீயவர் எல்லாருமே பெரும்பாலும் திரைக்குள் வந்துவிட்டனர். திரை இருக்கிறதா என்று பார்த்து நல்ல மடலையும் கெட்ட மடலையும் பிரிப்பது அதன்பின் பயன் குறைந்த வேலையாயிற்று.

வாயிலில் நடக்கும் சோதனை

அப்படியானால் மடல் பெட்டியின் வாயிற்காவலர் எதைத்தான் பார்க்கிறார்? நம் விடுதி வாயிலை நினைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை யாராவது வந்து "நான் இந்தப் பிள்ளையின் மாமா, அழைத்துப்போக வந்தேன்" என்றால் விடுதிச் சிஸ்டர் உடனே அனுப்பிவிடுவதில்லை. பெற்றோர் கையெழுத்திட்டுக் கொடுத்த பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். மின்னஞ்சலிலும் இதே முறைதான்.

முதலாவது எஸ்.பி.எஃப். என்னும் பட்டியல். 'எங்கள் பெயரால் மடல் கொண்டுவர இன்னின்ன சர்வருக்கே உரிமை' என்று டொமைன் உரிமையாளர் முன்கூட்டியே எழுதி வைக்கிறார். பட்டியலில் இல்லாத சர்வர் கொண்டுவந்தால் காவலர் முகம் சுளிப்பார்.

இரண்டாவது டி.கே.ஐ.எம். என்னும் முத்திரை. பழங்காலத்தில் ஓலைக்கு அரக்கு முத்திரை இட்டதைப் போன்றது இது. அனுப்பும் சர்வர் தன்னிடம் மட்டுமே உள்ள இரகசியச் சாவியால் மடலுக்குக் கணக்கு முறையில் ஒப்பமிடுகிறது. அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவி டொமைன் குறிப்புகளில் எல்லாரும் காண வைக்கப்பட்டிருக்கும். ஒப்பமிட்ட பகுதியை வழியில் யாரேனும் மாற்றினால் முத்திரை பொருந்தாது.

மூன்றாவது டிமார்க். மேற்சொன்ன சோதனைகளில் தேறியது மடலில் தெரியும் அனுப்புநரின் டொமைன்தானா என்று இது ஒப்பிடச் சொல்கிறது. பொருந்தாவிட்டால் மடலை ஏற்பதா, ஒதுக்குவதா, திருப்பி விடுவதா என்று உரிமையாளர் தரும் கட்டளையும் இதுவே. நடந்ததை உரிமையாளருக்கு அறிக்கையாக அனுப்பவும் இதில் வழி உண்டு. இது 2012-இல் அறிமுகமாகி 2015-இல் எழுத்து வடிவம் பெற்றது.

இவற்றோடு நடத்தைச் சான்றிதழும் பார்க்கப்படுகிறது. இந்தப் பெயரிலிருந்து முன்பு வந்த மடல்களைப் படித்தார்களா, குப்பை என்று புகார் செய்தார்களா, இல்லாத முகவரிகளுக்கு எத்தனை மடல் போயிற்று, பெயருக்கு வயது என்ன என்பவை கணக்கில் வரும். 1998-இல் தோன்றிய ஸ்பேம்ஹவுஸ் என்னும் அமைப்பு, புதிதாகத் தோன்றிய பெயர்களை 24 மணி நேரம் தனிப் பட்டியலில் வைக்கிறது. புது மாணவியை முதல் நாளே வகுப்புத் தலைவி ஆக்குவதில்லை அல்லவா?

கூகுளும் யாஹூவும் மொத்தமாக மடல் அனுப்புவோருக்கு 2024 பிப்ரவரி முதல் விதிகளைக் கடுமையாக்கின. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5000-க்கு மேல் அனுப்புவோர் மேற்சொன்ன மூன்றையும் வைத்திருக்க வேண்டும். புகார் ஆயிரத்துக்கு மூன்றை எட்டக்கூடாது. விலக விரும்புவோர் ஒரே சொடுக்கில் விலக வழி வேண்டும். இவ்விதிகளில் பதிவேட்டு முகவரி திறந்திருக்க வேண்டும் என்று ஒரு சொல்லும் இல்லை! இதைப் படித்த அன்றுதான் எங்களுக்கு வழி தெரிந்தது.

நாங்கள் செய்த சோதனை

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பது அறிவியல் வகுப்பில் நாம் கற்ற பாடம். நல்வேளையாக, முதல் சோதனை எங்களை அறியாமலே நடந்திருந்தது. திரை நீங்கியிருந்த அந்தச் சில நாட்களில், எங்கள் பெற்றோர் பத்துப் பேருக்கு ஒரு மடல் அனுப்பியிருந்தோம். ஒன்பது குப்பைப் பெட்டிக்கே போயின. ஆகவே திரையை நீக்கியதால் மடலுக்கு வழி திறக்கவில்லை. ஆசிரியையின் நிம்மதிதான் போயிற்று.

அடுத்து, குப்பைக்குப் போன மடல் ஒன்றின் தலைப்பகுதியைத் திறந்து பார்த்தோம். சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாத பல வரிகள் அங்கே இருந்தன. அவற்றுள் எஸ்.பி.எஃப். 'தோல்வி' என்றும் டி.கே.ஐ.எம். 'இல்லை' என்றும் எழுதியிருந்தது. காரணம் விளங்கிவிட்டது. இணையதளத்தை வைத்திருந்த சர்வரின் பெயர் பட்டியலில் இருந்தது. அழைப்பை அனுப்பிய வேறொரு சர்வரின் பெயர் இல்லை. பட்டியலில் இல்லாத மாமாவைத்தான் நாங்கள் வாயிலுக்கு அனுப்பியிருக்கிறோம்! போதாக்குறைக்கு டொமைன் பிறந்து ஒரு மாதமே ஆகியிருந்தது. பழைய குறிப்பேட்டிலிருந்து எடுத்த முகவரிகளில் பல இறந்துபோனவை. 412 மடலையும் ஒரே மூச்சில் அனுப்பினோம்.

ஆசிரியையின் துணையோடு பட்டியலைத் திருத்தினோம், முத்திரையை ஏற்படுத்தினோம், டிமார்க் கட்டளையும் எழுதினோம். திரை மட்டும் போட்டபடியே இருந்தது. அதே பத்துப் பேருக்கு மீண்டும் அனுப்பினோம். எட்டு மடல்கள் நேரே உட்பெட்டிக்குச் சென்றன. இரண்டு அப்போதும் குப்பைக்குப் போயின. பத்து மடலை வைத்து உலகத்திற்கே தீர்ப்புச் சொல்ல நாங்கள் துணியவில்லை. ஆனால் எங்கள் மடலைத் தடுத்தது திரை அன்று என்பதற்கு இதுவே போதுமானது.

திரையால் வரும் மெய்யான இடர்கள்

இதனால் திரைக்கும் மடலுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிடலாகாது. மூன்று இடங்களில் தொடர்பு உண்டு.

ஒன்று, உரிமையாளருக்கு வரும் ஓலை தவறிப்போவது. ஐகானின் விதிப்படி புதிய பதிவில் கொடுத்த மின்னஞ்சலையோ தொலைபேசியையோ பதிவாளர் 15 நாட்களுக்குள் சரிபார்க்க வேண்டும். பதில் வராவிட்டால் பெயரே நிறுத்தி வைக்கப்படலாம். பெயரின் காலம் முடியுமுன் நினைவூட்டல்களும் வரும். திரை போட்டாயிற்று என்று எண்ணிப் பதிவாளரிடமே பழைய அல்லது பொய்யான முகவரியைக் கொடுத்தவர் இவற்றைக் காணமாட்டார். பெயர் நின்றால் மடலும் நிற்கும்.

இரண்டு, பதிவேட்டைக் கொண்டு உரிமையாளரைத் தேடுவோருக்கு வழி அடைபடுவது. நம் பெயரை யாரோ திருட்டுத்தனமாகப் பயன்படுத்திவிட்டால் எச்சரிக்க நினைப்பவர் யாரிடம் சொல்வார்? தடைப் பட்டியலிலிருந்து விடுவிக்கக் கேட்கும்போதும் 'நீங்கள் யார்?' என்ற கேள்வி வரும். திரையும் போட்டு, இணையதளத்திலும் பெயர் சொல்லாமல், மடலுக்கும் பதில் தராமல் இருந்தால் அவர் நம்மை நம்புவது எப்படி?

மூன்று, சந்தேகத்தோடு சந்தேகம் சேர்வது. மடல் பெட்டி நடத்துவோர் தங்கள் சல்லடையின் முழு இரகசியத்தையும் வெளியிடுவதில்லை. பெயரும் புதியது, முத்திரையும் இல்லை, புகாரும் வருகிறது என்னும் இடத்தில் திரையும் ஒரு குறையாகச் சேரக்கூடும். வேறு குறை இல்லாதவருக்கு அது பெரும் பாரம் ஆகாது.

நாம் செய்யத் தக்கவை

பள்ளி, சங்கம், கடை போன்ற அமைப்புகள் டொமைனை ஒருவர் வீட்டு முகவரியில் பதியாமல் அலுவலக முகவரியில் பதிவது சிறந்தது. அதில் மறைக்க ஒன்றுமில்லை. வீட்டிலிருந்து தனியே பதிய வேண்டியவர் திரையைத் தயங்காமல் போட்டுக்கொள்ளலாம். ஆனால் பதிவாளரிடம் உண்மையான விவரமே இருக்க வேண்டும். 'போஸ்ட்மாஸ்டர்', 'அப்யூஸ்' என்னும் இரு முகவரிகளையும் ஏற்படுத்தி, வரும் மடலை ஒருவர் நாள்தோறும் படிக்க வேண்டும். பட்டியல், முத்திரை, கட்டளை மூன்றையும் வைத்துவிட்டே முதல் மடலை அனுப்ப வேண்டும். கேட்டவர்க்கு மட்டும், சிறிது சிறிதாக அனுப்ப வேண்டும். மடலின் அடியில் அமைப்பின் பெயரும் அஞ்சல் முகவரியும் இருக்கட்டும். அமெரிக்காவில் 2003-இல் இயற்றிய சட்டம் வணிக மடல் ஒவ்வொன்றிலும் அஞ்சல் முகவரியைக் கட்டாயமாக்கியுள்ளது.

முடிவுரை

மொட்டைக் கடிதம் இழிவானது ஏன்? எழுதியவர் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று தெரியாததாலா? இல்லை. சொன்ன சொல்லுக்குப் பொறுப்பேற்க ஒருவரும் இல்லாததால்தான். வீட்டைக் காத்துக்கொள்வது வேறு. பொறுப்பிலிருந்து ஒளிந்துகொள்வது வேறு. முன்னது நம் உரிமை, பின்னது குற்றம். கையெழுத்தும் முத்திரையும் நல்ல நடத்தையும் உடைய மடல் திரைக்குப் பின்னாலிருந்தும் போய்ச் சேரும். அவை இல்லாத மடல் வீட்டு வாசலைத் திறந்து வைத்தாலும் சேராது.

சிஸ்டர் அவர்களிடம் "இரண்டும் கூடும்" என்று நாங்கள் சொன்னோம். இப்போது சங்கத்தின் டொமைன் பள்ளி அலுவலக முகவரிக்கு மாற்றப்பட்டுவிட்டது. ஆசிரியையின் வீட்டுத் தெரு எந்தப் பதிவேட்டிலும் இல்லை. இவ்வாண்டின் முன்னாள் மாணவியர் தின அழைப்பை முதல் மடலாக அந்த முதிய அம்மையாருக்கே அனுப்பினோம். மறுநாள் காலையில் பதில் வந்திருந்தது: "கிடைத்தது. வருகிறேன். எனக்கு முன்வரிசையில் ஓர் இடம் வையுங்கள்."

இடம் வைத்திருந்தோம். அவரும் வந்து அமர்ந்தார்.